ஒரே தண்டவாளத்தில் இரண்டு மாமாக்கள்

என்னுடைய வேலை என்னவென்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பதினொரு வருடமாகப் பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனியில் இருக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய் வருகிறேன். அம்மாவைக் கேட்டால் ரயில் ஒஃபிசில் பெரிய வேலை என்பார். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் பெரிய மாமா, நான் ரிக்கற் விற்பதாக நம்புகிறார். அதே தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சின்ன மாமா, ரயில்களைத் தாமதமாக்குவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நம்புகிறார். மூவரில் உண்மைக்குக் கொஞ்சமாவது கிட்ட வந்தவர் அவர்தான்.

நான் வேலை செய்யும் நிறுவனத்திடம் ஒரு ரயில்கூடக் கிடையாது. தண்டவாளம் இருக்கிறது, அதற்கு மேலே மின்கம்பி இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. ரயில் ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். முன்பு நாடு முழுவதற்கும் ஒரு கம்பனிதான் ஓட்டிக்கொண்டிருந்தது. ரயில் பிந்தினால் யாரைத் திட்டுவதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு பெரிய மேசைகளைச் சுற்றி இருப்பவர்கள் கூடிப் பேசி, போட்டி வந்தால் பயணிகள் சந்தோஷப்படுவார்கள் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது பாரிஸுக்கும் லியோனுக்கும் நடுவே பழைய கம்பனியும் ஓடுகிறது, புதிய கம்பனியும் ஓடுகிறது. தண்டவாளம் மட்டும் பழையபடி போக ஒன்று, வர ஒன்று.

அந்த ஒரே தண்டவாளத்தில் யார் எத்தனை மணிக்குப் போவது என்று பங்கு பிரிப்பதுதான் எங்கள் மாடியின் வேலை. ஒரு ரயிலுக்கு ஒதுக்கிய நேரத்துண்டைப் பிரெஞ்சில் 'சியோன்' என்பார்கள். ஏர் இழுத்த சால் என்று பொருள். வாழ்நாளில் மண்வெட்டியைத் தொடாத இருபது பேர் கணினிக்கு முன்னால் இருந்து நாள் முழுக்க உழுகிறோம். ஒரு சாலில் ஒரு ரயில். அதற்குச் சில நிமிடம் பின்னால் அடுத்த சால். முன்னால் போகிறவரைப் பின்னால் வருகிறவர் முந்த முடியாது. எத்தனை அழகான இருக்கையும் எத்தனை நல்ல கோப்பியும் வைத்திருந்தாலும் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் வரவேண்டும். எல்லாக் கம்பனியும் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே உள்ள சாலைத்தான் கேட்கும். பகல் இரண்டு மணிச் சாலை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டது கிடைக்காதவர்களுக்கு நாங்கள் ஆழ்ந்த வருத்தத்துடன் கடிதம் எழுதுவோம்.

இதையெல்லாம் நான் வீட்டில் விளக்கிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நிலை சின்ன மாமாவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானபோது வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் லியோன். மண்டபமும் அங்கேதான். பெண் வீட்டார் நாங்கள் எல்லோரும் பாரிஸின் வடக்குப் புறநகரான கார்ஜில், ஒன்றுக்கொன்று பார்வைபடும் மூன்று அடுக்குமாடிகளில் இருக்கிறோம். பெரிய மாமாவும் சின்ன மாமாவும் அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள். பெரியவர் அம்மாவுக்கு அண்ணன், சின்னவர் தம்பி. இருவரும் கதைத்துக்கொள்ளாமல் போனது கலியாணக் கார்ட்டினால். பெண்ணின் பெரியப்பா என்ற முறையில் தன் பெயர் மேலே வரும் என்று பெரிய மாமா இருந்தார். அச்சடித்து வந்த கார்ட்டில் பெண்ணின் தாய்மாமன் பெயருக்குக் கீழே, கொஞ்சம் சிறிய எழுத்தில் அவர் இருந்தார். பெயர்களை வரிசைப்படுத்தியவர் அச்சகக்காரர் என்று சின்ன மாமா சொன்னார். அச்சகக்காரருக்குத் தன்மேல் என்ன கோபம் என்று பெரிய மாமா கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருவரும் ஒரே தெருவில் எதிரெதிர்ப் பக்கத்தில் கடையைத் திறந்து, ஒருவரை ஒருவர் காணாமல் பூட்டினார்கள். அகலமில்லாத தெருவில் அது லேசான காரியமில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு முந்தைய காலத்தில் வழியே இருந்திருக்காது. ஒரே கம்பனி, ஒரே ரயில், பக்கத்துப் பெட்டி. ரயில்வேப் போட்டி யாருக்கு நன்மை செய்திருக்கிறது என்று இனி யாராவது கேட்டால் எங்கள் குடும்பத்தைக் காட்டலாம்.

முதலில் பெரிய மாமா கடைக்கு வரச் சொன்னார். போனபோது முருங்கைக்காய்க் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவன் எந்த ரயிலிலை போறான்?"

"ஏழரைக்கு வெளிக்கிடுறது, மாமா. பழைய கம்பனி."

"அதுக்கு முன்னாலை போறது ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. ஏழு இருபதுக்கு. ஆனா அது வேறை கம்பனி. புதுசு."

"வேறை கம்பனி எண்டால் இன்னும் நல்லது. அதிலை எங்கள் எல்லாருக்கும் ரிக்கற் எடு."

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கலியாணத்துக்கான மாலை, வெற்றிலை, உதிரிப்பூ எல்லாம் அவருடைய கடையிலிருந்துதான் போனது. லாச்சப்பலில் வேறு பூக்காரர் இல்லாமலில்லை. தம்பியின் மகள் இன்னொருவன் கட்டிய மாலையைப் போட்டுக்கொண்டு நிற்பதை அவரால் தாங்க முடியாது. "பூவிலை எனக்குக் கோவமில்லை" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே செய்தி தெருவைக் கடந்துவிட்டது. சின்ன மாமா தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை எனக்கு முன்னாலை போறாராம். நீ அங்கை இருந்துகொண்டு என்ன செய்தனி? எங்கடையை முன்னுக்கு விடச் சொல்லு."

"மாமா, அந்தச் சியோன் குடுத்து ஒரு வருஷத்துக்கு மேலை. நீங்கள் கலியாணம் பேச முதலே குடுத்தாச்சு."

"அப்ப அண்ணை ஒரு வருஷத்துக்கு முதலே யோசிச்சு வைச்சிருக்கிறார்" என்றார்.

சனிக்கிழமை கலியாணம். முகூர்த்தம் பதினொன்றரைக்குத் தொடங்கி ஒரு மணித்தியாலம். பெண்ணும் சின்ன மாமியும் தலையலங்காரக்காரியும் முதல் நாளே லியோனுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களும் முதல் நாளே போயிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை லாச்சப்பலில் கடை பூட்டுவது என்பது எங்கள் ஆட்களுக்குச் செத்தவீட்டுத் துடக்குக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட காரியம்.

சனி விடிய கார்ஜ் ஸ்டேஷனுக்கு இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. எங்கள் புறநகர் லைனுக்கு இன்னும் போட்டி வந்து சேரவில்லை. ஆகவே இருவரும் ஒரே ரயிலில் ஏற வேண்டிய அவலம். பெரிய மாமா மேடையின் வடக்கு முனையில், இரண்டு பெரிய குளிர்ப்பெட்டிகளுக்கு நடுவே வேட்டியோடு நின்றார். சின்ன மாமா தெற்கு முனையில் கோட்டோடு நின்றார். அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பட்டுச்சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெட் போட்ட பத்துப் பதினைந்து பெண்களை அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. கார்ஜில் சனிக்கிழமை என்றால் யாருக்காவது கலியாணம்.

கார் து நோர் ஸ்டேஷன் தாண்டியதும் சுரங்கத்துக்குள் எங்கள் ரயில் ஊர்ந்தது. அந்தச் சுரங்கத்தில் எங்கள் டி லைனும் பக்கத்துப் பி லைனும் ஒரே தண்டவாளத்தைப் பங்கு போடுகின்றன. ஒரு ரயில் இங்கிருந்து, ஒரு ரயில் அங்கிருந்து, மாறி மாறி நுழைய வேண்டும். வருடக்கணக்கில் நாள்தோறும் லட்சக்கணக்கானவர்கள் அந்த இருட்டில் நின்று நின்று போகிறார்கள். போட்டி இல்லாமலே இது சாத்தியம் என்பதை மேசைக்காரர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லியோன் ரயில்கள் புறப்படும் பாரிஸ் ஸ்டேஷனான கார் து லியோனில் பெரிய மாமாவின் ரயில் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. பெரிய மாமி யன்னலுக்குள்ளிருந்து எங்களுக்குக் கை காட்டினார். மாமா காட்டவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் எங்களுடையதும் புறப்பட்டது. பெண்ணின் தகப்பன் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா தீர்மானித்ததால் அம்மாவும் நானும் சின்ன மாமாவோடு இருந்தோம். அவர் கைப்பைக்குள் ஐயர் எழுதிக் கொடுத்த துண்டு இருந்தது. தாரைவார்க்கும்போது எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று படித்துக்கொண்டு வந்தார்.

ஒரு மணித்தியாலம் நன்றாகப் போனது. பூர்கோன் பக்கத்து வெளிகளில் பனி விலகிக்கொண்டிருந்தது. மாடுகள் நின்றன. பிறகு ரயிலும் நின்றது. சத்தம் போடாமல், ஆட்டமில்லாமல், இதற்காகவே வந்ததுபோல நின்றது.

ஒலிபெருக்கியில் ரயில் பொறுப்பாளர் பேசினார். எங்களுக்கு முன்னால் போகும் வேறொரு நிறுவனத்தின் ரயில் வழியில் நின்றுவிட்டதாம். 'வேறொரு நிறுவனம்' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் நீட்டினார். இதற்குத் தங்கள் நிறுவனம் காரணமில்லை என்றாலும் வருந்துகிறார்களாம்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சின்ன மாமாவின் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத வெளிச்சம் வந்தது.

"அண்ணையின்ரை ரயிலோ?"

"ஓம், மாமா."

"நிண்டிட்டுதோ?"

"ஓம்."

அவர் யன்னலைப் பார்த்துச் சிரித்தார். நான் கொஞ்சம் பொறுத்துச் சொன்னேன்: "மாமா, அது நிண்டதாலைதான் நாங்களும் நிக்கிறம்." சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

என் தொலைபேசி அடித்தது. முன் ரயிலிலிருந்து பெரிய மாமி.

"பிள்ளை, இஞ்சை கரண்டும் இல்லை, காத்தும் இல்லை. வயர் அறுந்து கிடக்காம். தங்களிலை பிழையில்லையாம், தண்டவாளக்காரரின்ரை பிழையாம் எண்டு சொல்லுறாங்கள். அது உங்கடை ஒஃபிஸ்தானே?"

பின்னால் பெரிய மாமாவின் குரல் கேட்டது: "கேள், வயரைப் பாக்காமலே ரயில் விடுறவையோ எண்டு கேள்."

எங்கள் ரயிலில் இருந்த அறிவிப்பு முன் ரயிலைக் குற்றம் சொன்னது. முன் ரயிலில் இருந்த அறிவிப்பு தண்டவாளத்தைக் குற்றம் சொன்னது. தண்டவாளம் சார்பில் அந்த இடத்தில் இருந்தது நான் ஒருத்திதான், பச்சைப் பட்டுச்சேலையில். அம்மா என் பக்கம் திரும்பி, மெதுவாக, "உங்கடை ஆக்களோ?" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் தெளிவான கேள்வி அது.

அன்று கடமையில் இருந்த சக ஊழியர் ஒருவருக்கு அழைத்தேன். வயலில் பயிரை மூடி வைத்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று காற்றில் கிளம்பி மின்கம்பியில் சுற்றியிருந்ததாம். ரயிலின் கூரையில் இருந்து கம்பியைத் தொடும் கை அதில் மாட்டி முறிந்துவிட்டதாம். யாருடைய பிழை என்று கேட்டேன். "அதற்குத் திங்கட்கிழமை கூட்டம் இருக்கிறது" என்றார். நல்ல மனிதர். மணப்பெண்ணின் தகப்பன் என் பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னேன். "எந்தக் கம்பனி ரயிலில்?" என்று கேட்டார்.

ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. எங்கள் ரயிலின் கோப்பிக் கடையில் முதலில் பாண் முடிந்தது, பிறகு கோப்பி முடிந்தது, பிறகு விற்கிறவரின் பொறுமை முடிந்தது. சின்ன மாமா ஐயரின் துண்டை மூன்று தரம் மடித்து மூன்று தரம் பிரித்தார். லியோனிலிருந்து மணப்பெண்ணான மச்சாள் அழைத்தாள். பிரெஞ்சிலேயே கதைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. தலையில் ஒரு கிலோ பொய்முடியும் நெற்றிப்பட்டமும் வைத்தாகிவிட்டது, காலையிலிருந்து வாயில் ஒன்றும் வைக்கவில்லை, மாப்பிள்ளை கீழே வந்து நிற்கிறார், எல்லோரும் எந்த வயலில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். எந்த வயல் என்று எனக்குக் கிலோமீற்றர்க் கல் கணக்கில் சொல்ல முடிந்தது. சொல்லவில்லை.

"அப்பா இல்லாமல் தொடங்கலாமா?"

"தாரைவார்க்க அப்பா வேணும்."

"மாலை?"

"அது முன் ரயிலிலை."

அவள் முதல் தடவையாகத் தமிழில், "நான் இனிச் சாப்பிடப்போறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பத்தரை மணிக்குச் சக ஊழியர் திரும்ப அழைத்தார். எங்கள் ரயிலுக்குக் கொஞ்சம் பின்னாலேயே தடம் மாறும் இடம் ஒன்று இருந்தது அதிர்ஷ்டம். எங்களை எதிர்த்திசைத் தண்டவாளத்துக்கு மாற்றி, நின்றுபோன ரயிலைத் தாண்டி அனுப்பலாம் என்று முடிவாம். நான் இதைச் சொன்னபோது சின்ன மாமா ஒரு குழந்தையைப்போலக் கேட்டார்: "அப்ப அண்ணையை முந்துறமோ?" ஒரே தண்டவாளத்தில் முந்த முடியாது என்று நான் வருடக்கணக்காகக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுதி வந்தவள். "ஓம், முந்துறம்" என்றேன்.

ஆனால் புறப்படவில்லை. முன் ரயிலில் இருந்த நானூறு பேரை என்ன செய்வது என்ற பேச்சுத் தொடங்கியிருந்தது. புதிய கம்பனியிடம் அனுப்ப வேறு ரயில் கையில் இல்லை. எங்கள் ரயிலிலோ இடம் இருந்தது. அப்படியானால் ஏற்றிக்கொள்ளலாமே என்று ஒரு சாதாரண மனிதர் நினைப்பார். ஆனால் அவர்களுடைய பயணச்சீட்டு எங்கள் ரயிலில் செல்லாது. ஏறும்போது ஒருவர் விழுந்தால் அவர் எந்தக் கம்பனியின் பயணி? ஒரு கால் அந்த ரயிலிலும் ஒரு கால் இந்த ரயிலிலும் இருக்கும்போது விழுந்தால்? நடுவில் உள்ள இடைவெளி எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது, அதற்குள் விழுந்தால்? மூன்று நிறுவனத்தின் ஆட்கள் மூன்று கட்டடங்களிலிருந்து இதைப் பற்றி நாற்பது நிமிடம் தொலைபேசியில் கதைத்தார்கள். எங்கள் முகூர்த்தத்துக்கு அதற்குள் இருபது நிமிடமே மிச்சம்.

கடைசியில் எங்கள் ரயில் பின்னுக்கு ஊர்ந்து, தடம் மாறி, மெல்ல முன்னுக்கு வந்தது. வெளியே முன் ரயில் தெரிந்தது. சின்ன மாமா எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு யன்னல் ஓரம் நின்றார். அண்ணனைக் கடந்து போகும்போது எப்படித் தெரியவேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கும். ரயில் கடக்கவில்லை. பக்கத்தில் வந்து, யன்னலுக்கு யன்னல் நேராக நின்றது. ஒலிபெருக்கி, பக்கத்து நிறுவனத்தின் பயணிகளை விதிவிலக்காக ஏற்றிக்கொள்வதில் மகிழ்ச்சி அடைவதாகவும், அவர்கள் முதல் வகுப்பில் உட்கார வேண்டாம் என்றும் அறிவித்தது.

கதவுகளைத் திறந்து, ஒரேஞ்சு அங்கி போட்டவர்கள் இரண்டு ரயிலுக்கும் நடுவே கைபிடி வைத்த ஒடுக்கமான பாலம் ஒன்றைப் பொருத்தினார்கள். ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வியர்த்து, கோபமாக, ஆனாலும் கவனமாக வந்தார்கள். பெரிய மாமி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "கடவுளே, இதுக்குக் கப்பல் பரவாயில்லை" என்றார். அவருக்குப் பின்னால் பெரிய மாமா. அவருடைய வேட்டியில் சுருக்கம் விழவில்லை. பாலத்தின் அந்தப் பக்கத்தில் நின்று வர மறுத்தார்.

பிரச்சினை குளிர்ப்பெட்டிகள். கைப்பை மட்டும்தான் கொண்டுபோகலாம் என்று புதிய கம்பனியின் பெண் ஊழியர் சொன்னார். பெட்டிகள் பிறகு பத்திரமாக லியோனுக்கு வந்து சேருமாம். "எப்ப?" என்று மாமா கேட்டார். அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவர். தோளைக் குலுக்கினார். மாமா ஒரு பெட்டிக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் முந்நூறு பேர்.

நான் கதவடிக்குப் போனேன். ஒரேஞ்சு அங்கிக்காரரிடம் என் வேலை அட்டையைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே நிறுவனம். நான் கணினியில் உழுகிற தண்டவாளத்தை மழையில் நின்று பார்த்துக்கொள்கிறவர் அவர். சேலையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெட்டிக்குள் என்ன?"

"கலியாண மாலை. பெண் லியோனில் காத்திருக்கிறாள்."

"எத்தனை மணிக்குக் கலியாணம்?"

"பதினைந்து நிமிடத்துக்கு முன்."

அவர் பாலத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "நான் இப்போது அந்தப் பக்கம் திரும்பிக் கம்பியைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லித் திரும்பி நின்றார். மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அன்று எடுத்த மிகச் சிறந்த முடிவு அதுதான்.

பெட்டி பாரம். ஒருவரால் தூக்க முடியாது. அந்த முனையைப் பெரிய மாமா பிடித்தார். இந்த முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். பாலம் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய அகலம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சின்ன மாமா கோட்டைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் பாலத்தில் இறங்கியிருந்தார்.

"பாத்துப் பிடி" என்றார் பெரியவர்.

"பிடிச்சிருக்கிறன்."

"சரிக்காதை. தண்ணி பூவிலை படும்."

"நான் சரிக்கேல்லை. நீங்கள்தான் உயத்திறியள்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தைகள் இவை. இரண்டாவது பெட்டிக்கும் ஏறக்குறைய இதையே பேசினார்கள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. எனக்குப் பின்னால் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் இதற்கு எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ரயில் புறப்பட்டதும் அம்மா சின்ன மாமாவிடம் கண்ணைக் காட்டினார். அவர் எழுந்து, "இருங்கோ அண்ணை" என்று தன் இருக்கையைக் காட்டினார்.

"வேண்டாம். நான் இந்தக் கம்பனிக்கு ரிக்கற் எடுக்கேல்லை" என்றார் பெரிய மாமா.

"பரவாயில்லை, இருங்கோ."

"நீ இரு. தாரைவார்க்கிற ஆள் நீ."

அண்ணன் நிற்கும்போது தான் இருப்பதற்குச் சின்ன மாமாவால் முடியவில்லை. தம்பி எழுந்துவிட்ட இருக்கையில் உட்காரப் பெரிய மாமாவால் முடியவில்லை. இரண்டு பேரும் அந்த இருக்கையின் இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்பதுபோல நின்றார்கள். சற்று நேரத்தில் முன் ரயிலிலிருந்து வந்த ஒரு வயதான பெண்மணி, மடியில் சின்ன நாயோடு, நன்றி சொல்லி அதில் உட்கார்ந்தார். நாய் லியோன் வரைக்கும் பெரிய மாமாவின் வேட்டிக் கரையை மோந்துகொண்டு வந்தது.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. முகூர்த்தம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐயர் பதறவில்லை. கையடக்கத் தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் தட்டிப் பார்த்து, ஒன்று நாற்பதிலிருந்து இரண்டே கால் வரை இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது, உண்மையைச் சொன்னால் முதல் நேரத்தைவிட இதுவே விசேஷம் என்றார். பகல் இரண்டு மணிச் சாலை இவ்வளவு மரியாதையாக அடுத்தவர் தலையில் கட்டிவிடக்கூடிய ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் மாடிக்கு அவரை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. சின்ன மாமா கைகளை மாற்றிப் பிடித்தார், ஐயர் திருத்தினார். மாலை வாடியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் கழுத்தில் அது விழுந்தபோது பெரிய மாமா பெண்ணைப் பார்க்கவில்லை, மாலையைத்தான் பார்த்தார். மச்சாளின் வாயோரத்தில் மணவறைக்கு வரும்வரை வடைத்துண்டு ஒட்டியிருந்தது. சின்ன மாமி கைலேஞ்சியால் துடைத்துவிட்டார். வீடியோவில் அது தெளிவாகத் தெரிகிறது.

திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் பழைய கம்பனி, ஒரு பக்கம் புதிய கம்பனி, தலைமாட்டில் நாங்கள். பிந்திய ஒவ்வொரு நிமிடத்தையும் யாருடைய தலையில் எழுதுவது என்பதுதான் பேச்சு. கம்பியில் விரிப்பு இருந்த நிமிடங்கள் எங்களுக்கு என்றார்கள். விரிப்பு பறக்கும் என்று கம்பிக்குத் தெரியாது என்று எங்கள் ஆள் வாதாடினார். கூரைக்கை முறிந்த நிமிடங்கள் புதிய கம்பனிக்கு. ஏற்றலாமா என்று யோசித்த நாற்பது நிமிடத்தை ஒருவரும் வாங்க முன்வரவில்லை. பிளாஸ்டிக் விரிப்பின் சொந்தக்காரர் அழைக்கப்படவில்லை. யாரென்று தெரியாதாம்.

இறங்கி மாறிய இடத்தில் சில நிமிடங்கள் விளக்கமில்லாமல் இருப்பதாகப் பழைய கம்பனிக்காரர் சொன்னார். பயணிகளை மாற்றும்போது ஏதோ பாரமான பொதி காரணமாகத் தாமதம் ஏற்பட்டதாக அவர்களுடைய அறிக்கையில் இருந்தது. எங்கள் ஆள் என்னைப் பார்த்தார். நான் அந்த ரயிலில் இருந்தது அவருக்குத் தெரியும். பாரமான பொதி எது என்று அவருக்குத் தெரியாது.

"அது வெளிக்காரணம்" என்றேன். "குடும்ப விஷயம்."

அப்படி ஒரு வகை எங்கள் பட்டியலில் இல்லை. ஆனாலும் மேசையில் எல்லோருக்கும் பசி நேரம். 'வெளிக்காரணம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

மாமாக்கள் இருவரும் இப்போது கதைத்துக்கொள்கிறார்கள். கதைக்க விஷயம் கிடைத்துவிட்டது. பிழை பழைய கம்பனியிலா, புதிய கம்பனியிலா என்பதுதான் அது. பெரிய மாமா இன்னும் புதிய கம்பனியின் பக்கம். இருக்கை அகலமாம், நின்றது கம்பியின் குற்றமாம். சின்ன மாமா பழைய கம்பனியின் பக்கம். ஏற்றிக்கொண்டு வந்தது யார் என்று கேட்கிறார். சனிக்கிழமைகளில் கடைக்குக் கடை நின்று தெருவுக்குக் குறுக்காக இதைப் பேசுகிறார்கள். நடுவில் போகும் கார்கள் ஹோர்ன் அடிக்கின்றன. நான் அந்தத் தெருவால் போனால் இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பி, "பிள்ளை, நீ சொல்லு" என்கிறார்கள். நான் எங்கள் நிறுவனத்தின் வழக்கப்படி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டு, பெரிய மாமாவிடம் முருங்கைக்காயும் சின்ன மாமாவிடம் கொத்துரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.